ரோடு வந்தா நல்லதுதானே சார்?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்தால் போதும்.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். சாலையை அகலப்படுத்துவதற்காக இடித்துப் போட்ட ஒரு டீக்கடை. படத்தில் அடுப்பு மேடை மட்டும் நின்றுகொண்டிருக்கும். நம் பள்ளியில் எட்டாவது வரை படித்த ஒருவரின் கடை அது. நிறைய பேர் வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். சென்னையில் நல்ல வேலையில் இருக்கும் ஒரு மாணவர் மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்: "ரோடு வந்தா நல்லதுதானே சார்? நிலம் கொடுத்தவங்களுக்குக் கோடிக்கணக்குல பணம் வருது. பக்கத்து நிலத்துக்கும் மதிப்பு ஏறுது. அப்புறம் என்ன பிரச்சினை?"

அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்தேன். என் தம்பி மகன் பெயரும் இருந்தது.

தம்பி, கேள்வி கேட்டதற்காக உன்மேல் கோபம் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்கிறவனை நான் அடித்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த "அப்புறம் என்ன பிரச்சினை" என்ற மூன்று வார்த்தை இருக்கிறதே, அது எனக்கு இரண்டு நாள் தூக்கம் கெடுத்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாலை வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பழைய இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போன காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தச் சாலையில் நடந்த விபத்துகளும் நினைவிருக்கின்றன. இன்று நெஞ்சுவலி வந்தவரை முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறது என்றால் அந்த நான்குவழிச் சாலைதான் காரணம். நானும் சுங்கம் கட்டி அதில்தான் போகிறேன். ஆகவே "சாரு வளர்ச்சிக்கு எதிரி" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

என் சண்டை சாலையோடு இல்லை. அதற்கான விலையை யார் தலையில் கட்டுகிறோம் என்பதில்தான்.

"மதிப்பு ஏறுது" என்றாயே, அதையே எடுத்துக்கொள்வோம். யாருடைய நிலத்துக்கு ஏறுகிறது? சாலைக்குப் போன நிலம் போயே போய்விட்டது. அதற்கு அடுத்த சர்வே நம்பரில் இருப்பவனுக்குத்தான் ஏறுகிறது. அறிவிப்பு வருவதற்கு முன்பே காதும் காதும் வைத்ததுபோல் வாங்கிப் போட்ட தரகருக்கு ஏறுகிறது. நிலத்தை இழந்தவருக்கு என்ன கிடைக்கிறது? சாலை வருவதற்கு முந்தைய விலை. அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு அவர் மாற்று நிலம் தேடிப் போகும்போது என்ன விலை? சாலை வந்த பிறகான விலை. முந்தைய விலைக்கு விற்கவைத்து, பிந்தைய விலைக்கு வாங்கச் சொல்கிறோம். இது நான் உங்களுக்கு ஏழாம் வகுப்பில் நடத்திய லாப நட்டக் கணக்குதான். இதில் கோடீஸ்வரன் எங்கே வருகிறான்?

சட்டத்தைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. வெள்ளைக்காரன் போட்ட 1894ஆம் ஆண்டு சட்டத்தைவிட அது எவ்வளவோ மேல். சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, கிராமப்புறம் என்றால் அதை ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு வரை பெருக்கி, அதன்மேல் நூறு சதவீதம் ஆறுதல் தொகை தர வேண்டும் என்கிறது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் முதலில் அதற்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. 2015 தொடக்கத்திலிருந்து நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கும் இந்த இழப்பீட்டு முறைதான். அதனால் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் நான்குவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்கள், அதற்கு முன்னால் சென்னை–திருச்சி சாலைக்குக் கொடுத்தவர்களைவிடத் தேவலை. அதை மறுக்கவில்லை.

ஆனால் "சந்தை மதிப்பு" என்ற சொல்லில்தான் சங்கதி இருக்கிறது. வழிகாட்டி மதிப்பு ஒரு அளவுகோல். அக்கம்பக்கத்தில் கடந்த மூன்று வருடம் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்து அதன் சராசரி இன்னொரு அளவுகோல். எது அதிகமோ அது. கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் எந்தக் கிரயப் பத்திரத்தில் உண்மை விலை எழுதியிருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க வழிகாட்டி மதிப்பைப் பத்திரத்தில் எழுதுகிறோம், மீதியைப் பையில் வைத்துக் கொடுக்கிறோம். நானும் அதைச் செய்தவன்தான், மறைக்கவில்லை. ஊரே சேர்ந்து எழுதிய அந்தப் பொய், நிலம் எடுக்க வரும்போது சாட்சிக்கு வந்து நிற்கிறது. காணி இருபது லட்சத்துக்குக் கைமாறிய இடத்தில் பத்திரம் மூன்று லட்சம் என்கிறது. அதிகாரி பத்திரத்தைத்தான் பார்ப்பார். போதாக்குறைக்கு 2017 ஜூனில் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை ஒரே வீச்சில் 33 சதவீதம் குறைத்தார்கள். மனை வாங்கியவர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வழிகாட்டி மதிப்பு என்பது நாளைக்கு நம் நிலத்தை எடுக்க வருகிறவன் கையில் இருக்கும் அளவுகோல் என்று அன்று எத்தனை பேருக்குத் தோன்றியது?

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உண்மைக் கணக்கு சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஜூலை 20 அன்று தீர்ப்பான ஹக்கீம் வழக்கு. நெடுஞ்சாலைக்கு எடுத்த நிலத்துக்கு, வழிகாட்டி மதிப்பை வைத்துச் சதுர மீட்டருக்கு 46 ரூபாய் 55 காசிலிருந்து 83 ரூபாய் 15 காசு வரை கொடுத்திருந்தார்கள். நடுவராக இருந்த மாவட்ட ஆட்சியரிடம் போனபோதும் அதே நிலைதான். மாவட்ட நீதிமன்றம் போனார்கள். நீதிபதி சதுர மீட்டருக்கு 645 ரூபாய் என்றார்.

ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள். 46.55 ரூபாய் என்றால் ஏக்கருக்கு ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். 645 ரூபாய் என்றால் இருபத்தாறு லட்சத்துக்கு மேல். அதே மண், கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு வித்தியாசம். இது தவணை வட்டி வித்தியாசம் இல்லை தம்பி, ஒரு குடும்பத்தின் தலையெழுத்து.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? நடுவர் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்யலாம், ஆனால் தொகையைத் திருத்தி எழுத அதற்கு அதிகாரம் இல்லை என்றது. நல்லவேளையாக, அந்த நில உரிமையாளர்களுக்குக் கிடைத்த தொகையில் கை வைக்கவில்லை. ஆனால் பின்னால் வருகிறவர்கள்? ரத்து என்றால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே நடுவர் நாற்காலி. நடுவரை நியமிப்பது மத்திய அரசு. நியமிக்கப்படுவது பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர். நிலம் எடுக்கிறதும் அரசு, விலை சொல்கிறதும் அரசு, விலை சரியா என்று பார்க்கிறதும் அரசு. கபடி ஆடுகிறவனே விசிலும் ஊதினால் எதிரணி எப்படி ஜெயிக்கும்? 2025 ஏப்ரல் 30 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, சில குறுகலான சந்தர்ப்பங்களில் நீதிமன்றம் திருத்தலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்திருக்கிறது. அதற்குள் எத்தனை பேர் வக்கீல் செலவுக்குப் பயந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார்களோ.

இப்போது என் அக்கா கதைக்கு வருகிறேன். சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் நடந்தது. அக்காவுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் கொல்லை. மணிலாவும் கேழ்வரகும் போடுவார்கள். தண்ணீர் வசதி இருந்த வருடம் கரும்பு. சாலைக்காக அதில் 38 சென்ட் எடுத்தார்கள். ஓரத்தில் எடுத்திருந்தால் பரவாயில்லை, நடுவில் போனது கோடு. கிணறும் மோட்டார் கொட்டகையும் ஒரு பக்கம், நல்ல மண் மறு பக்கம். பைப்பு சாலையைத் தாண்டாது. ஆள் தாண்ட வேண்டும் என்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள சுரங்கப்பாதை வரை போய்த் திரும்ப வேண்டும். மாமாவுக்கு அப்போதே அறுபது வயது. இரண்டு வருடம் போய்வந்தார். அப்புறம் மறுபக்கத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டார்.

இழப்பீடு 38 சென்ட்டுக்கு வந்தது. கிணற்றுக்கு வரவில்லை, ஏனென்றால் கிணறு எடுக்கப்படவில்லையாம். கிணறு இருக்கிறது, கொல்லை இருக்கிறது, விவசாயம்தான் இல்லை.

தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956ஐப் பணி ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து படித்தேன். அதில் 3ஜி என்ற பிரிவில், நிலத்தைத் துண்டித்ததால் மீதி நிலத்துக்கு வரும் நட்டத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. வருமானத்துக்கு ஏற்படும் பாதிப்பையும் பார்க்க வேண்டுமாம். வீட்டையோ தொழில் செய்யும் இடத்தையோ மாற்ற வேண்டி வந்தால் அதற்கான நியாயமான செலவையும் பார்க்க வேண்டுமாம். எல்லாம் இருக்கிறது! அக்காவும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்திய நானும் கேட்கச் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. ஒரு வாத்தியாருக்கே தெரியாத உரிமையை வைத்துக்கொண்டு ஒரு விவசாயி என்ன செய்வார்?

தெரியப்படுத்தும் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 3ஏ அறிவிக்கை என்று ஒன்று வரும். அரசிதழிலும் இரண்டு நாளிதழ்களிலும் சர்வே நம்பர் பட்டியல் பொடி எழுத்தில் வரும். அதிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நாளிதழ் வாங்குகிறவர்கள் மூன்று பேர். அவர்களும் முதலில் பார்ப்பது இரங்கல் பக்கம். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும், பேரன் பெங்களூரில் இருப்பான். 21 நாள் போனதே தெரியாது. பிறகு 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் எந்த வில்லங்கமும் இல்லாமல் மத்திய அரசுக்குச் சொந்தம். 1978இல் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், 300ஏ என்ற பிரிவு மட்டும் மிஞ்சியது. அந்தப் பிரிவின்படி நோட்டீஸ் கொடுப்பதும், ஆட்சேபணையைக் காதுகொடுத்துக் கேட்பதும், காரணத்தோடு முடிவு சொல்வதும் கட்டாயம் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் விரித்துச் சொல்லியிருக்கிறது. பொடி எழுத்து விளம்பரம் காதுகொடுத்துக் கேட்பதா என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, டீக்கடைக்கு வருகிறேன். இதற்காகத்தானே பதிவே.

அந்தக் கடை வாடகைக் கட்டடம். இருபத்திரண்டு வருடம் அதே இடம். கட்டட உரிமையாளருக்கு இழப்பீடு வந்தது. அவர் நல்ல மனிதர், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நம் ஆளுக்கு அதுதான் மொத்தமும். சட்டத்தின் கண்ணுக்கு அங்கே ஒரு சுவர் இருந்தது, ஒரு கூரை இருந்தது, ஒரு மனிதன் இல்லை.

அந்த மனிதனிடம் என்ன இருந்தது என்று பாருங்கள். காலை நாலரை மணிக்குக் காய்கறி வண்டிக்காரர்கள். ஆறு மணிக்குப் பால்காரர்கள். பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள். மூன்று வீட்டிலிருந்து பால் எடுத்தார், அந்த மூன்று வீட்டு மாட்டுக்கும் அவர்தான் வாடிக்கை. வடை மாவு அரைத்துத் தந்த ஒரு அம்மா. கணக்கு நோட்டில் கடன் வைத்த நாற்பது பேர். எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது ஒரு நாளைக்கு 800 ரூபாய். இது எதையும் ஜேசிபி அள்ளிக்கொண்டு போகாது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் இது எதுவும் கூட வராது.

2013 சட்டத்தில் இப்படிப்பட்டவருக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் அங்கே பிழைத்த வாடகைதாரரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது. இடம்பெயர்க்கப்பட்ட சிறுவியாபாரிக்கு ஒருமுறை உதவித்தொகை குறைந்தது 25,000 ரூபாய் என்கிறது. 25,000ஐ 800ஆல் வகுங்கள். 31 நாள். இருபத்திரண்டு வருடத் தொழிலுக்கு ஒரு மாதச் சம்பளம். அதையும் கேட்டு வாங்க வாடகை ஒப்பந்தம் வேண்டும், உரிமம் வேண்டும், ரசீது வேண்டும். வாய்வார்த்தையில் கடை எடுத்தவரிடம் எது இருக்கும்? புறம்போக்கில் தள்ளுவண்டி போட்டிருந்தவர் என்றால் பேச்சே கிடையாது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஒரு அங்குலமும் இழக்காதவர்கள். கடை அப்படியே நிற்கும். முன்னால் நடுத்தடுப்பு வந்துவிடும். எதிர்ப்பக்கத்து ஆள் வர வேண்டும் என்றால் எங்கோ போய் யு-டர்ன் போட வேண்டும். மேம்பாலம் வந்தால் கடை பாலத்துக்கு அடியில். புறவழிச்சாலை வந்தால் வண்டியே ஊருக்குள் வராது. ஊருக்குள் பஞ்சர் கடை, பூக்கடை, இரவு இட்லிக்கடை எல்லாம் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்திருக்கிறோம். இவர்களுக்கு எந்தச் சட்டத்திலும் ஒரு பைசா இல்லை. தொலைதூரப் பேருந்து நிற்பது இப்போது நெடுஞ்சாலை மோட்டலில். அங்கே டீ என்ன விலை, எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

சாலைக்காவது நாம் எல்லோரும் போகிறோம். தொழிற்பேட்டைக்கு என்று எடுக்கும்போது கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பக்கத்து மாவட்டத்தில், செய்யாறு மேல்மாவில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடியவர்களில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆறு பேர் மீதானதை விலக்கிக்கொண்டார்கள். நிலத்தைக் கொடு என்றால் யோசிக்கிறேன் என்று சொன்னவன் குண்டனா? அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் நியூ லண்டன் என்ற ஊரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு நர்ஸம்மாவின் வீட்டை, வேலைவாய்ப்பு பெருகும் என்று சொல்லி நகராட்சி எடுத்தது. 2005இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று சரி சொன்னது. அந்தத் திட்டம் கட்டப்படவே இல்லை, இடம் பல வருடம் புல் முளைத்துக் கிடந்தது. நம் சட்டத்திலும், எடுத்த நிலம் ஐந்து வருடம் சும்மா கிடந்தால் பழைய உரிமையாளருக்குத் திருப்பித் தர வேண்டும், "அல்லது" அரசின் நில வங்கியில் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த "அல்லது" யாருக்காக எழுதியது என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான்.

என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? நடுவராக ஆட்சியர் இருக்கக் கூடாது, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி இருக்கட்டும். அறிவிக்கையை வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கட்டும். ஓட்டுப் போடச் சொல்லிப் பூத் சிலிப் வீடு தேடி வரவில்லையா? வாடகைக் கடைக்காரருக்கு மூன்று வருட வருமானத்தையாவது கணக்கிட்டுத் தரட்டும். புதிய சாலையோரம் கட்டும் ஓய்விடங்களில் முதல் கடை, இடிபட்ட கடைக்காரருக்கு என்று எழுதட்டும். இதற்கெல்லாம் சாலைச் செலவில் எவ்வளவு கூடிவிடும்? அந்தச் செலவு இப்போதும் இருக்கிறது தம்பி. டீக்கடைக்காரர் தன் பையிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார். அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு காரியம், எல்லோரும் கவனியுங்கள். 1997க்குப் பிறகு, 2015க்கு முன் நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் அதற்கான வட்டியும் தரவில்லை. மற்ற திட்டங்களுக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு அப்போது 30 சதவீதம் கிடைத்தது, நெடுஞ்சாலைக்காரர்களுக்கு மட்டும் கிடையாது என்று சட்டத்திலேயே வைத்திருந்தார்கள். அது செல்லாது என்று 2019 செப்டம்பர் 19 அன்று தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனிமேல் எடுக்கும் நிலத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதை 2025 பிப்ரவரி 4 அன்று தள்ளுபடி செய்தது. திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் நிலம் இழந்த பல குடும்பங்கள் இந்தக் காலக்கெடுவுக்குள் வருகின்றன. நம் உறவிலேயே நான்கு வீடு இருக்கிறது. யாருக்குப் பொருந்தும், யாருக்குக் காலம் கடந்துவிட்டது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஆனால் காகிதம் இல்லாமல் வக்கீலும் ஒன்றும் செய்ய முடியாது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சட்டம் படித்த நம் மாணவி ஒருவரும் வருகிறார். பீரோவிலோ பரணிலோ பழைய இழப்பீட்டு ஆணை, 3ஜி நோட்டீஸ், பாஸ்புக் எது கிடந்தாலும் எடுத்து வாருங்கள். தாத்தா பெயரில் பட்டா இருந்தால் வாரிசுச் சான்றும் சேர்த்து. அசல் வேண்டாம், நகல் போதும். சென்னைத் தம்பி, நீயும் வா. உன் பெரியப்பா வீட்டிலும் ஒரு ஆணை இருக்கிறது, எனக்குத் தெரியும்.